கப்செங் அக்கா மாற்றாத பொய்

எங்கள் கால்வாய்த் தெருவில் போலீஸ்காரனை அடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். நானும் அதில் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆனால் ஸ்டேஷனில் பதினேழு நாள் அடி வாங்கியும் சொன்ன பொய்யில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதவள் ஒருத்திதான். பு கப்செங் என்பது அவள் பெயர். எனக்கு ஆறு வயது மூத்தவள் என்பதால் நான் கப்செங் அக்கா என்பேன்.

கொரியாவின் ஜெஜூ தீவில் பிறந்து, பதினான்கு வயதிலேயே கடலுக்குள் மூச்சடக்கிப் போய்ச் சிப்பி எடுத்தவள். பத்தொன்பது வயதில் கப்பலேறி ஒசாகாவுக்கு வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் போன அதே ரப்பர் செருப்புக் கம்பெனிக்குத்தான் அவளும் போனாள். அங்கே அச்சு இயந்திரம் ஓட்டிய ஹியோன் சாங்போவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. அதற்குப் பின்னால் பன்றிக் கொட்டில், அதற்குப் பின்னால் கால்வாய். அக்கா வாயைத் திறந்தால் ஒன்று சாப்பிடுவதற்கு, இல்லையென்றால் சண்டைக்கு. சாங்போ அண்ணன் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே இருப்பார்.

போலீஸுக்கு எங்கள் முகத்துக்கும் ஜப்பான்காரர் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் முகத்தைப் பார்த்துப் பிடிக்கவில்லை, தெருவைப் பார்த்துப் பிடித்தார்கள். கால்வாய்த் தெருவிலிருந்து யார் வெளியே வந்தாலும் போலீஸ்காரன் கையை நீட்டுவான். போட்டோ ஒட்டி முத்திரை குத்திய வெளிநாட்டார் பதிவு அட்டையைக் காட்ட வேண்டும். பூண்டு வாடை அடித்தால் இரண்டு தடவை காட்ட வேண்டும். கக்கூசுக்குப் போனாலும் அது இடுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

நாற்பத்தொன்பதாம் வருடக் குளிர்காலத்தில் சாங்போ அண்ணன் பொதுக் குளியலறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பிடித்துவிட்டார்கள். கையில் சோப்பும் ஈரத் துண்டும்தான் இருந்தன. அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"குளிக்கப் போறவன் அட்டைய எங்கய்யா வச்சுக்குவான்? இந்தா பாரு, எல்லாம் சரியா இருக்கு. அவர விடு."

"இப்போ கொண்டுவந்து என்ன பண்றது? பிடிச்சப்போ இல்லல்ல. நாளைக்கு வா."

நாளைக்கு நாளைக்கு என்று மூன்று நாள். சிமெண்ட் தரையில், ஈரத் தலையோடு வைத்திருந்தார்கள். எட்டி உதைத்ததில் விலாவில் ஒரு எலும்பும் போயிருந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் நாள் செத்துப்போனார்.

அந்த வீட்டுப் பரணில் அப்போது இன்னொருவன் இருந்தான். அக்காவின் தம்பி மன்ஹோ. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கணவாய் மீன் பிடிக்கும் படகில், வலைக்கு அடியில் படுத்து வந்து சேர்ந்திருந்தான். தீவில் அந்த வருடங்களில் கலவரத்தை அடக்குகிறோம் என்று ராணுவத்தினர் மலையடிவாரத்துக் கிராம ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அப்பாவைப் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துச் சுட்டதை மன்ஹோ பார்த்திருக்கிறான். அட்டையில்லாமல் இங்கே பிடிபட்டால் கடலோர முகாமுக்கு அனுப்புவார்கள். முகாமிலிருந்து கப்பல். கப்பல் போய் நிற்குமிடத்தில் சுட்டவர்களே காத்திருப்பார்கள்.

பிணம் இன்னும் நடுவீட்டில் கிடக்கிறது. கப்செங் அக்கா அழுதுமுடித்து மூக்கைச் சிந்திவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"செத்தவருக்கு எதுக்கு அட்டை? அவனுக்குக் கொடுத்துரலாம்."

என் வீட்டுக்காரர் செருப்புக் கம்பெனி ரப்பரில் முத்திரை வெட்டினார். சாங்போவின் போட்டோவைக் கிழித்துவிட்டு மன்ஹோவின் போட்டோவை ஒட்டிக் குத்தினார். சாவைப் பதியவில்லை. பன்றித் தீவன வண்டியில் உடம்பை வைத்து, மேலே தவிட்டுச் சாக்கைப் போட்டு, மலையில் எங்கள் ஊர்ச் சாமியார் வைத்திருந்த கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே விறகடுக்கி எரித்தார். அன்றையிலிருந்து மன்ஹோதான் ஹியோன் சாங்போ. வயசு நாலைந்து கூடியது, பெண்டாட்டி பெயர் பு கப்செங். தெருவுக்கே தெரியும், தெருவுக்கு வெளியே ஒரு ஈக்குக்கூடத் தெரியாது.

ஒரே ஒரு தொல்லை. இறந்தவருக்குப் படையல் போட முடியவில்லை. அட்டைப்படி உயிரோடு இருப்பவனுக்கு யாராவது திதி கொடுப்பார்களா? போலீஸ் கண்ணில் பட்டால் எல்லாம் போச்சு. அதனால் அக்கா மூச்சுக் காட்டாமல் இருந்தாள். எங்கள் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. செத்தவரைப் பட்டினி போடுவதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குத் தெரியாது. எனக்கு நாக்கு நீளம். ஒருநாள் ரேஷன் வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோர் முன்னாலும், எங்கள் பாஷையில் கேட்டுவிட்டேன்.

"புருசன் பேர்லதான அரிசி வாங்கித் திங்கற. அவருக்கு ஒரு கிண்ணம் சோறு வைக்க மட்டும் கை வரலையாக்கும்."

அக்கா என்னோடு சண்டைக்கு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். சண்டைக்கு வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

ஐம்பத்திரண்டாம் வருடம், எங்கள் புத்தாண்டு. ஜப்பான்காரர்களுக்கு அது வெறும் ஜனவரிக் கடைசி. அவர்கள் தங்கள் புத்தாண்டைக் கொண்டாடி முடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அதனால் அன்றைக்கு ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று நினைத்தோம். அவர்களோ அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் அரிசிக் கள் சாடி நிறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் கள் ஊறப்போடுவது சட்ட விரோதம். கடைச் சரக்கைப் படையலில் வைத்தால் எங்கள் முன்னோர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் நாங்கள்.

காலை எட்டு மணிக்கு நாலு லாரியில் வந்து இறங்கினார்கள். வரி ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர், போலீஸ் ஐம்பது அறுபது பேர். கால்வாய்ப் பாலத்தில் ஒரு வரிசை நிறுத்திவிட்டு, முதல் வீட்டிலிருந்து சாடிகளை உடைத்துக்கொண்டே வந்தார்கள். தெருவெல்லாம் வெள்ளையாக ஓடியது. நான் பின்பக்கமாக ஓடி அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன்.

நடுவீட்டில் படையல் மேசை. சோறு, பன்றியிறைச்சி, மீன், கள். நடுவில் சாங்போ அண்ணனின் போட்டோ. கல்யாணத்துக்கு இரவல் கோட்டில் எடுத்தது. மன்ஹோ அதன் முன்னால் நெற்றி தரையில் படக் கிடந்தான். வாசல் திறந்தே கிடந்தது. தீவு வழக்கப்படி வாசல்காக்கும் சாமிக்குத்தான் முதல் படையல், நிலையோரமாகக் குட்டி மேசையில் வைத்திருந்தாள்.

"கதவச் சாத்துக்கா. வந்துட்டானுங்க. மூணு வீடு தள்ளி நிக்கிறானுங்க."

"வாசல்காரர் சாப்பிட்டுட்டு இருக்காரு. அவரு மூஞ்சில கதவச் சாத்தச் சொல்றியா?"

"மன்ஹோ, எந்திரிடா. போட்டோவ எடுத்து ஒளிச்சு வை."

"ரெண்டாவது கும்புடு இன்னும் முடியல," என்றாள் அக்கா. "பாதியில எந்திரிச்சா மூணு வருசப் பட்டினிக்கு மேல இன்னொரு பட்டினி. சாடியத்தான தேடுறானுங்க, உடைச்சுட்டுப் போகட்டும். நீதானடி சோறு வைக்கச் சொன்ன?"

மன்ஹோ இரண்டாவது முறை விழுந்தான். அந்த நேரம் பார்த்து ஏட்டு குவபாத்தா உள்ளே வந்தான். வாசல்சாமி மேசையைப் பூட்ஸ் காலால் ஒதுக்கிக்கொண்டு வந்தான். கிண்ணம் உருண்டு முற்றத்துக்குப் போனது. பின்னால் மூன்று கான்ஸ்டபிள்கள். ஐம்பது வயது ஆள், தொப்பை, சளி பிடித்த மூக்கு. அந்த வட்டாரத்துக்குப் புதிது.

சாடியை உடைத்தார்கள். அக்கா அசையவில்லை. கள் அவள் பாதத்தை நனைத்தது. பிறகு குவபாத்தா மன்ஹோவிடம் அட்டையைக் கேட்டான். மன்ஹோ கொடுத்தான்.

"ஹியோன் சாங்போ. இவள் உன் மனைவி. சரி. அந்தப் போட்டோவில் யார்?"

அடுத்த வீட்டில் சாடி உடைந்தது.

"என் தம்பி," என்றாள் அக்கா. "பு மன்ஹோ. ஊர்ல, கலவரத்துல செத்துட்டான்."

உயிரோடு நிற்கிற தம்பியை, வருடத்தின் முதல் நாள், படையலுக்கு முன்னால், வாசல்சாமி கேட்கச் செத்தவன் என்று சொல்லிவிட்டாள். மன்ஹோ தலையைக் குனிந்துகொண்டான். நான் எங்கள் பாஷையில் முணுமுணுத்தேன்: "போதும்க்கா, இதோட நிறுத்திக்க, நம்பிட்டான் போல."

குவபாத்தா மூக்கை உறிஞ்சினான். பிறகு எங்கள் பாஷையிலேயே பேசினான். எங்கள் ஊர்க்காரன் மாதிரி, ஒரு தடுக்கல் இல்லாமல்.

"நம்பலடி. உங்க நாடு எங்க கையில இருந்தப்போ பதினோரு வருசம் மொக்போ துறைமுகத்துல போலீஸா இருந்தவன் நான். உங்க ஜெஜூ கப்பல் வந்து நிக்கிற துறைமுகம். எத்தன வீட்டுப் படையல்ல பூந்து எத்தன பேரப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?" அட்டையால் மன்ஹோவின் கன்னத்தைத் தட்டினான். "உங்க முறை எனக்குத் தெரியும். அக்கா புருசன் சின்ன மச்சினன் படத்துக்கு விழுந்து கும்புடுவானா? கைகட்டி ஓரமா நிப்பான். நான் உள்ள வர்றப்போ நீ மூக்கத் தரையில தேச்சுக்கிட்டுல்ல கிடந்த. மச்சினன்தான் அக்கா புருசனுக்கு விழுவான். அப்போ செத்தவன் யாரு, நீ யாரு?"

இந்த ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முத்திரை வெட்டத் தெரிந்த எங்களுக்கு, யார் யாருக்கு விழுவது என்பதை மாற்றத் தோன்றவில்லை. செத்தவரிடம் பொய் சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை.

அவன் மன்ஹோவின் சட்டைக் காலரைப் பிடித்தான். அடுத்த நொடி அக்கா மூலையில் கிடந்த மாவிடிக்கும் உலக்கையை எடுத்துக் குறுக்கே வீசினாள். சரியாகக் குவபாத்தாவின் வாயில் பட்டது. இரண்டு பல் தெறித்துப் படையல் சோற்றில் விழுந்தது. ரத்தம் மீனின் மேல் கொட்டியது. கான்ஸ்டபிள்கள் மூன்று பேரும் தடியோடு அவள் மேல் பாய்ந்தார்கள். தலையைக் காக்கத் தூக்கிய இடது கையின் மேல் ஒரே இடத்தில் நாலு அடி. முழங்கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அடுப்பில் பன்றி எலும்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி ஊற்றினேன். ஒருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். தோல் அவன் விரலோடு வந்தது. இருபது வயதுகூட இருக்காது. அன்றைக்கு எனக்குப் பாவமாகவே இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. என் கூச்சலைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் சாம்பல், மிளகாய்த் தண்ணீர், பன்றிச் சாணம் என்று கைக்குக் கிடைத்ததோடு வந்து விழுந்தார்கள். தடி யார் மேல் விழுகிறது, நகம் யார் கண்ணில் ஏறுகிறது என்று தெரியாத சண்டை.

மன்ஹோ ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவை மிதித்துக்கொண்டிருந்தவனை நோக்கி வந்தான். குத்தியிருந்தால் கொலை, தூக்குக் கயிறு. அக்கா தரையில் கிடந்தபடி அவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்ட தம்பி.

"ஏங்க," என்றாள், வாய் நிறைய ரத்தத்தோடு. "நீங்க போங்க. என்னப் பாக்காதீங்க, போங்கன்னா."

அந்த நிலையிலும் அவள் பெண்டாட்டியாகவே பேசினாள். அவன் துண்டைக் கீழே போட்டான். குவபாத்தா கையிலிருந்து விழுந்த அட்டையைப் பொறுக்கி வாயில் கவ்விக்கொண்டு, பன்றிக் கொட்டில் வழியாகக் கால்வாயில் குதித்தான். பாலத்திலிருந்தவர்கள் மூங்கில் கழியால் தண்ணீரைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். ஜெஜூக்காரன் மூச்சை அடக்குவான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்களில் ஆறு பேரைக் கொண்டுபோனார்கள். எனக்கு நாலு மாதம் சிறை. அக்காவை மட்டும் முதலில் பதினேழு நாள் ஸ்டேஷனிலேயே வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். மடங்காத கையால் முதுகு தேய்க்க முடியாது என்பதால் குளியலறையில் நான்தான் தேய்த்துவிடுவேன். ஒருநாள் முதுகைக் காட்டியபடியே, திரும்பாமல் சொன்னாள்.

குவபாத்தா தினமும் அந்தப் போட்டோவைக் கொண்டுவருவான். இது யார்? தம்பி. ஓடினவன் யார்? என் வீட்டுக்காரர். விரல்களுக்கு நடுவே பென்சில் கொடுத்து நெரித்தான். இது யார்? தம்பி. ஒடிந்த முழங்கையை மேசையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தான். தம்பி. பத்தாம் நாளோ என்னவோ, ஒரு கிண்ணம் சுடுசோறும் கள்ளும் கொண்டுவந்து வைத்தானாம். தயவாகப் பேசினானாம்.

"படையல் பாதியில நின்னுபோயி உன் புருசன் பசியோட நிக்கிறான். அவன் பேரச் சொல்லு. இங்கயே வச்சுக் கும்புடு. நானே கதவத் தொறந்து வைக்கிறேன்."

"எம்புருசன் நல்லா இருக்காரு. எங்கயாவது சாப்பிட்டுருப்பாரு."

எங்கள் வழக்கம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதனால் எங்கே அடித்தால் வலிக்கும் என்பதும் தெரிந்திருந்தது. போலீஸ்காரனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று குறைபட்டுக்கொள்பவர்களை இப்போதெல்லாம் பார்க்கிறேன். தெரிந்தவனை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி நாள் போட்டோவைத் தரையில் போட்டானாம்.

"தம்பிதான? புருசன் இல்லல்ல? மூத்தவ சின்னவன் படத்த மிதிச்சா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. மிதி. மிதிச்சா நம்பறேன்."

அக்கா முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"மிதிச்சேன்டி," என்றாள். "ரெண்டு காலாலயும். நல்லா அழுத்தி. அவன் போதும்னு சொல்ற வரைக்கும்."

நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ரேஷன் வரிசையில் நான் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி ஆறுது, தேய்," என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பொய்யை உடைக்க முடியாததால், போலீஸை அடித்ததற்கு மட்டும் எட்டு மாதம் சிறை போட்டார்கள். வெளியே வந்தபிறகும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஸ்டேஷனிலிருந்து ஒருவன் வந்து வாசலில் நிற்பான். அக்கா சோறு வைப்பாள். தம்பிக்கு வைப்பதுபோல, கும்பிடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் வைப்பாள். அதற்குப் பிறகு கணவனுக்குப் பெண்டாட்டியாக ஒரு கிண்ணம் கள் ஊற்றாமலேயே அவள் காலம் போனது.

மன்ஹோ நகோயாவில் பழைய இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு விரல்ரேகை எடுக்கும் சட்டம் வந்தபோது ஹியோன் சாங்போ என்ற பெயரிலேயே ரேகை வைத்தார். ஒரு பெண்ணோடு இருபது வருடம் வாழ்ந்தும் அவளைப் பதிய முடியவில்லை. அட்டைப்படி அவருக்கு ஏற்கெனவே ஒசாகாவில் பெண்டாட்டி இருந்தாளே. அக்காவும் தம்பியும் கடைசி வரை ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும் என்ற பயம்.

எண்பத்தொன்றில் அக்கா வயிற்றில் கட்டி வந்து செத்துப்போனாள். உடம்பைப் பெற்றுக்கொள்ளக் கணவன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் தந்தி கொடுத்தேன். மன்ஹோ, இப்போது அறுபதை நெருங்கிய மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரித் தாளில் கணவன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் கிடத்தியிருந்தோம். சந்து முனையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, மன்ஹோவின் முன்னால் குனிந்தான். "மனைவியை இழந்த உங்களுக்கு என் வருத்தம்," என்றான். மரியாதையான பையன், குவபாத்தா பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். மன்ஹோவும் பதிலுக்குக் குனிந்தார். வண்டிகள் வரும், ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்லி அவன் வெளியே வாசலோரமாகப் போய் நின்றான்.

மன்ஹோ அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடங்காத அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாசலைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்லி அழறது?" என்று என்னைக் கேட்டார்.

"அக்கான்னு அழு. முப்பது வருசம் ஆச்சு. அந்தப் பையனுக்கு நம்ம பாஷை தெரியாது."

"அன்னைக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சோம்," என்றார் மன்ஹோ.

அவர் அழவில்லை. கடைசி வரைக்கும் கணவனாகவே இருந்து எல்லாம் செய்துவிட்டு, சாயங்கால ரயிலில் நகோயாவுக்குத் திரும்பிப் போனார்.